சாயல் வேறு, சொந்தம் வேறு: வௌவாலும் கௌதாரியும்

மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகிற ஏ-32 வீதியில் இலுப்பைக்கடவை என்றொரு ஊர் வரும். வீதியின் மற்ற அந்தத்தில், பூநகரிக்கு அப்பால் கடல்நீரேரியை ஒட்டிக் கௌதாரிமுனை இருக்கிறது. முதல் ஊருக்கு வௌவால் தேடிப் போகிற மரத்தின் பெயர். மற்ற ஊருக்குப் பறவையின் பெயர். இந்த இரண்டுக்கும் நடுவில், ஒருநாள் பொழுதுபடுகிற நேரம் மோட்டார்சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோதுதான் என் மருமகளுக்குக் கோபம் வந்தது.

வீதியோரப் பற்றைக்குள்ளிருந்து ஒரு சோடிக் கௌதாரி வெளியே வந்தது. எங்களைக் கண்டதும் குறுக்கே ஓடி மறுபக்கப் பற்றைக்குள் புகுந்துவிட்டது. பறக்கவே இல்லை. கொஞ்சத் தூரம் போக, தலைக்கு மேலே பெரிய வௌவால்கள். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு எண்ண முடியாத அளவுக்கு, அவசரமே இல்லாமல் செட்டையடித்துக் கடந்து போயின. பின்னால் இருந்தவள் ஏழாம் ஆண்டு படிக்கிறாள். அந்தக் கிழமைதான் வகுப்பில் விலங்குகளை வகைப்படுத்துவது நடந்திருக்கிறது.

"ஓடுறது பறவையாம். இவ்வளவு உயரத்தில பறக்கிறது பறவை இல்லையாம். இதென்ன மாமா கதை?"

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தமிழில் பறவை என்ற சொல்லே பறப்பதிலிருந்து வந்ததுதான். பறக்கிற ஒன்றைப் பறவை என்று சொல்லாதே என்றால் எந்தப் பிள்ளைக்கும் தலை சுற்றும். ஆனால் அதே தமிழ் இன்னொரு இடத்தில் சரியாகப் பிடித்து வைத்திருக்கிறது. கௌதாரிக்குக் குஞ்சு, வௌவாலுக்குக் குட்டி. படிக்காத கிழவியும் "வௌவால் குட்டி போட்டிருக்கு" என்றுதான் சொல்வாள். அந்த ஒரு சொல்லுக்குள் பாதி விடை கிடக்கிறது. மீதியை அவளுக்குச் சொன்ன மாதிரியே இங்கே எழுதுகிறேன்.

ஒரு கலியாண வீட்டுக்குப் போகிறீர்கள். பந்தலில் நிற்கிற ஒருவர் உங்கள் பெரியப்பாவை உரித்து வைத்த மாதிரி இருக்கிறார். அதே மீசை, ஒரு தோளைச் சரித்து நடக்கிற அதே நடை. யார் எவர் என்று விசாரித்தால் ஏழு தலைமுறைக்கும் ஒட்டில்லை, உறவில்லை. இரண்டு பேரும் முப்பது வருடம் உழவு இயந்திரம் ஓட்டியவர்கள். அந்தத் தொழில் கொடுத்த நடை அது. பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்கோ உங்கள் வீட்டு முகவெட்டு துளியும் கிடையாது. அவள் உங்கள் சொந்த மச்சாள்.

முதலாவது சாயல், இரண்டாவது சொந்தம். ஒரே தொழில் செய்கிற உடம்புகள் காலப்போக்கில் ஒரே மாதிரி வந்து நிற்கும். ஒரே மூதாதையிலிருந்து வந்தவையோ, வேறு வேறு தொழிலுக்குப் போய் அடையாளமே தெரியாமல் மாறியும் போகும். உயிரியல் குடும்பங்களைப் பிரிப்பது சொந்தத்தை வைத்து. சாயல் எங்கே முடிகிறது, சொந்தம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அதில் உள்ள கஷ்டம்.

எங்கள் பக்கத்துப் பெரிய வௌவால் பழந்தின்னி வகை. செட்டையை விரித்தால் நாலு அடி தாண்டும். நன்றாக வளர்ந்தது ஒரு கிலோவுக்கு மேலும் நிறுக்கும். முகம் நரிக்குட்டி மாதிரி, கழுத்தில் பொன்னிற மயிர். பகலில் மருது, புளி, ஆல் போன்ற பெரிய மரங்களில் கூட்டமாகத் தொங்கும். பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் போனவர்கள் இதே வகையைத்தான் அங்கே கூட்டங்கூட்டமாகப் பார்த்திருப்பார்கள்.

கௌதாரி கோழிக் குடும்பம். கால் கிலோவுக்குச் சற்றுக் கூட. சாம்பலும் மண்ணிறமும் கலந்த உடம்பில் மெல்லிய வரிகள், தொண்டையைச் சுற்றி மையால் கோடு இழுத்த மாதிரி ஒரு கறுப்பு மாலை. சேவலுக்குக் காலில் முள் இருக்கும். விடியப்புறம் உடைமரப் பற்றைகளுக்குள்ளிருந்து கதீதர், கதீதர் என்று அது கத்துவதைக் கேட்டால், தன் பெயரைத் தானே சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கும். இலங்கையில் இது வடக்கு, வடமேற்கு வறண்ட நிலத்துப் பறவை. மலைநாட்டுக்காரர் இதைப் பார்க்க மன்னாருக்கு வரவேண்டும். 1789 இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது பாண்டிச்சேரியின் பெயரைச் சேர்த்து பொண்டிசேரியானஸ் என்று வைத்தார்கள். கௌதாரிமுனைக்காரருக்கு இதில் மனத்தாங்கல் இருந்தால் நான் குறை சொல்லமாட்டேன்.

கோழிச் செட்டைக்குள் ஒரு கை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோழி. சாப்பாட்டுக் கோப்பையிலேயே பாடத்தை நடத்திவிட்டேன். கௌதாரியை வெட்டிப் பார்க்கத் தேவையில்லை; கோழியும் அதுவும் ஒரே குடும்பம் என்பதால் எலும்பு அடுக்கு ஒன்றுதான்.

ஒரு முழுச் செட்டையைக் கடித்து முடித்து எலும்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். தோளோடு பொருந்துகிற துண்டில் ஒரு எலும்பு. நடுத்துண்டில் இரண்டு, ஒன்று தடிப்பு, மற்றது மெலிசு. நுனித்துண்டில் இறைச்சி இல்லை என்று நாங்கள் எறிந்துவிடுகிற இடத்தில், ஒட்டிப்போன சின்ன எலும்புகள் சில. இப்போது உங்கள் கையைத் தொட்டுப் பாருங்கள். தோளிலிருந்து முழங்கை வரை ஒன்று, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு, பிறகு விரல்கள். கோழி பறப்பதற்கு வைத்திருப்பதும் ஒரு கைதான். ஐந்து விரலில் மூன்றுதான் மிஞ்சி, அவையும் பெரும்பாலும் ஒட்டிக் கட்டையாகிவிட்டன. அந்தக் கட்டையிலும் நடுத்துண்டின் தடித்த எலும்பிலும் இறகுகள் வரிசையாக ஊன்றி நிற்கின்றன. காற்றைத் தள்ளுகிற வேலை முழுதும் அந்த இறகுகளுடையது. இறகு கிழிந்தாலும் விழுந்தாலும் பிரச்சினை இல்லை, இன்னொன்று முளைக்கும்.

வௌவாலின் செட்டையை நான் கிட்டப் பார்த்தது மின்கம்பியில் அடிபட்டு விழுந்து கிடந்த ஒன்றில். கம்பிகளுக்கு இடையில் செட்டை விரித்து மாட்டிக்கொள்வது இந்தப் பெரிய வௌவால்களுக்கு அடிக்கடி நேர்கிற சாவு. கையால் தொடவில்லை, நீங்களும் தொடவேண்டாம். ஒரு தடியால் மெதுவாக விரித்தேன். பழைய கறுப்புக் குடையை விரிப்பது போலத்தான் இருந்தது. மேற்கை கட்டை, முன்கை நீளம். அதன் பிறகு வந்தது, குடைக்கம்பி மாதிரி நீண்ட நான்கு விரல்கள். ஐந்தாவதான பெருவிரல் மட்டும் நகத்தோடு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. கொப்பைப் பிடித்து நகர்வதற்கு அது. விரல்களுக்கு நடுவே மயிரில்லாத மெல்லிய தோல், அது விலாவோடு ஓடிக் கால் வரை இழுத்துக் கட்டியிருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் நரம்போட்டம் தெரிந்தது. ஓர் இறகும் இல்லை.

ஆக, கௌதாரி விரலைக் குறைத்து இறகால் பறக்கிறது. வௌவால் விரலை நீட்டித் தோலால் பறக்கிறது. உள்ளே இருக்கிற கையெலும்பு இரண்டுக்கும் பாட்டன் சொத்து, நமக்கும் அதே சொத்துத்தான். அதன் மேல் கட்டிய செட்டை அவரவர் தனித்தனியே உழைத்துத் தேடியது. பாடப்புத்தகங்கள் முதலாவதை அமைப்பொத்தது என்றும் இரண்டாவதைத் தொழிலொத்தது என்றும் எழுதும். இரண்டு சொல்லையும் மாறி எழுதிப் புள்ளி இழக்காத மாணவர் குறைவு, எனக்கும் போயிருக்கிறது. தும்பியை நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். தும்பியின் செட்டைக்குள் எலும்பே இல்லை, கையும் இல்லை. பறக்கிறது என்பதைத் தவிர வௌவாலின் செட்டைக்கும் அதற்கும் பொதுவாக ஒன்றுமில்லை. அங்கே இருப்பது முழுக்க முழுக்கத் தொழிலொற்றுமை.

பாட்டன் யார்?

பறவைகளின் வழியும் முலையூட்டிகளின் வழியும் பிரிந்தது சுமார் 32 கோடி வருடங்களுக்கு முன். அந்தக் கடைசிப் பொது மூதாதை ஓணானைப் போல நாலு காலில் ஊர்ந்த ஒரு பிராணி. அதற்குச் செட்டையும் இல்லை, இறகும் இல்லை, மயிரும் இல்லை. அதன் பிறகு இரண்டு வழியும் திரும்பச் சந்திக்கவே இல்லை. ஜெர்மனியில் 1861 இல் கிடைத்த ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற இறகுள்ள புதைபடிவம் ஏறத்தாழ 15 கோடி வருடப் பழசு. நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய வௌவால் எலும்புக்கூடுகள் சுமார் ஐந்தே கால் கோடி வருடத்தவை. பறவைகள் வானத்தைப் பிடித்துப் பத்துக் கோடி வருடம் வரை கடந்த பிறகுதான் வௌவால் இரவு வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சாயல் செட்டையோடு நிற்பதில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம். வௌவாலுக்கும் கௌதாரிக்கும் இதயத்தில் நான்கு அறை, இரண்டுக்கும் உடம்பு சூடு. இவ்வளவு உள்வீட்டு ஒற்றுமை இருந்தால் சொந்தமாகத்தானே இருக்கவேண்டும் என்று தோன்றும். அதுவும் இல்லை. அந்த ஓணான் போன்ற மூதாதைக்கு நான்கு அறை இதயம் இருக்கவில்லை. இரண்டு பக்கமும் தனித்தனியே கட்டிக்கொண்டதுதான். நிறையச் சக்தி செலவழிக்கிற உடம்புக்கு நல்ல இரத்தத்தையும் கெட்ட இரத்தத்தையும் கலக்கவிடாத பம்பி வேண்டும். தேவை ஒன்று, அதனால் விடையும் ஒன்று.

இப்படி ஏமாந்தவர்களில் சின்ன ஆட்கள் மட்டும் இல்லை. உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ், 1758 இல் வௌவாலைக் கொண்டுபோய் மனிதனும் குரங்கும் இருக்கிற கூட்டத்தில் வைத்தார். வௌவாலுக்கு முலை நெஞ்சில் இருப்பதும் அதற்கு ஒரு காரணம். 1986 இல் ஜாக் பெற்றிகுரூ என்ற அவுஸ்திரேலிய விஞ்ஞானி வேறொரு வழியால் கிட்டத்தட்ட அங்கேயே வந்தார். பழந்தின்னி வௌவாலின் கண்ணுக்கும் மூளைக்கும் இடையில் நரம்புகள் ஓடுகிற விதம் குரங்குகளில் இருப்பது போல இருக்கிறது. ஆகவே இது குரங்கின் சொந்தம், பூச்சி தின்னும் சின்ன வௌவால்தான் வேறு சாதி என்றார். நல்ல வாதம், சும்மா தள்ளிவிட முடியாதது. பிறகு மரபணுக்களை ஒப்பிட்டபோது அது நிற்கவில்லை. பெரிதும் சின்னதுமாக வௌவால்கள் எல்லாம் ஒரே குடும்பம் என்று ஆனது. ஒரு அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சொந்தம் பேசினால் எவ்வளவு கெட்டிக்காரனுக்கும் இது நடக்கும்.

அப்படியென்றால் வௌவாலுக்கு உண்மையான சொந்தம் யார்? எலி என்று பலர் நினைக்கிறார்கள். மரபணு காட்டுவது வேறு: வௌவாலுக்கு எலியை விடவும், நம்மை விடவும், வாசலில் படுத்திருக்கிற நாயும் பட்டியில் கட்டியிருக்கிற மாடும் கிட்ட. கௌதாரியின் பக்கம் இன்னும் வேடிக்கை. கோழி, காடை, மயில் எல்லாம் அதன் சொந்தக்காரர் என்பது பார்த்தாலே தெரியும். பறவைகளுக்கு வெளியே அதற்கு மிக நெருங்கிய உயிருள்ள சொந்தம், எங்கள் குளங்களில் வாயைப் பிளந்து வெயில் காய்கிற முதலை. மருமகள் இதை நம்பவில்லை. முட்டைக்குள்ளிருந்து கத்துகிற முதலைக் குஞ்சைத் தாய் தோண்டி எடுத்து வாயில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குக் கொண்டுபோகும் என்று சொன்ன பிறகு, பாதி நம்பினாள்.

எட்டு முட்டையும் ஒரு குட்டியும்

சொந்தம் எது என்பது வெறும் பெயர்ப்பட்டியல் விசயம் இல்லை. அது அந்த உயிர் பிள்ளை பெறுகிற விதத்தையே கட்டிப்போட்டு வைத்திருக்கிறது.

கௌதாரி புல்லடியில் காலால் ஒரு சின்னக் குழி கீறி அதற்குள் முட்டையிடும். ஆறு முதல் எட்டு வரை இருக்கும். ஏறக்குறைய மூன்று கிழமை அடைகாத்தால் குஞ்சு பொரிக்கும். பொரித்த குஞ்சு கோழிக்குஞ்சு போலவே அன்றைக்கே தாயின் பின்னால் ஓடும். முட்டையை இட்டுவிட்டதால் தாய் சுமை தூக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் குழி கீரிக்கும் உடும்புக்கும் பாம்புக்கும் நரிக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கிறது. எட்டில் எத்தனை தேறும் என்பது அந்தந்த வருடத்து அதிர்ஷ்டம்.

வௌவால் முலையூட்டி. வயிற்றில் ஐந்து மாதமளவு சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். பிறந்த குட்டி தாயின் நெஞ்சில் நகத்தால் பற்றிக்கொண்டு பால் குடிக்கும். முதல் சில கிழமை தாய் இரைக்குப் போகும்போதும் அது ஒட்டிக்கொண்டே போகும். பறக்கிற ஒரு தாயால் எத்தனை பிள்ளையைத் தூக்க முடியும்? ஒன்று. ஒரு பெண் கௌதாரி ஒரே அடையில் இடுகிற எட்டு முட்டைக்கு ஈடாக எட்டுக் குட்டி போட, ஒரு பெண் வௌவாலுக்கு எட்டு வருடம் வேண்டும். இந்தக் கணக்கைச் சமன்செய்வது ஆயுள். வளர்ப்பில் இருந்த பழந்தின்னி வௌவால் 30 வருடம் தாண்டி வாழ்ந்த பதிவு உண்டு. கௌதாரிக்கு அந்த ஆயுள் கிடையாது.

ஆகவே ஒரு காட்டில் சில கௌதாரிகள் பொறியில் போனால் நல்ல மழை வருடமொன்றில் அந்த இடம் திரும்ப நிரம்பலாம். வௌவால் தங்குகிற ஒரு மருதமரத்தைத் தறித்து, கூட்டத்தைச் சுட்டு விரட்டினால், அந்த இழப்பை எங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் அது ஈடுசெய்யும். வௌவால் இறைச்சி இழுப்புக்கு மருந்து என்று சுடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அந்த மருந்து வேலை செய்ததை நானும் பார்த்ததில்லை.

சாப்பாட்டு விசயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கௌதாரிக்குப் பல் இல்லை. விதை, கறையான், வண்டு என்று கொத்தி விழுங்கியதை, கூடவே விழுங்கிய சிறு கற்களோடு சேர்த்து உள்ளே அரைக்கும். கோழி வெட்டும்போது மஞ்சள் தோலை உரித்து மணலைக் கழுவி எடுப்போமே, அந்தத் தடித்த சதைப்பைதான் அதன் அம்மி. வௌவாலுக்குப் பல் உண்டு. பழத்தை வாயில் வைத்து நசித்துச் சாற்றைக் குடித்துவிட்டுச் சக்கையைத் துப்பும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு துப்புவதைப் பார்த்துத்தான் "வௌவால் வாயாலேயே கழிக்கும்" என்ற கதை வந்திருக்கவேண்டும். உண்மையில் கழிக்கிற நேரம் பெருவிரல் நகத்தால் கொப்பைப் பிடித்து நிமிர்ந்துகொள்ளும். தன் முகத்தில் தானே நனைய அதற்கும் விருப்பமில்லை. கண் தெரியாது என்பதும் பொய். ஒலியெழுப்பி எதிரொலியில் வழி பிடிப்பது பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள். இந்தப் பெரியது கண்ணாலும் மூக்காலும்தான் பழத்தைத் தேடிப் போகிறது.

இலுப்பைக்கு இது இரண்டு தரம் உதவுகிறது. பூக்காலத்தில் இனிப்பான பூவைத் தின்ன வந்து மகரந்தத்தைக் கொண்டுபோகும். பழக்காலத்தில் பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு மரத்துக்குப் பறந்து, சதையைச் சூப்பிவிட்டுக் கொட்டையைப் போடும். விடிய அந்த மரத்தடியில் கொட்டை பொறுக்கி எண்ணெய்க்குக் கொடுத்த வீடுகள் வன்னியில் இருந்தன. கொட்டையைப் பொறுக்கலாம். வௌவால் கடித்த பழத்தை மட்டும் இப்போது யாரும் வாயில் வைக்கவேண்டாம், பிள்ளைகளையும் விடவேண்டாம். 1998, 1999 இல் மலேசியாவிலும் 2018 இல் கேரளத்துக் கோழிக்கோட்டிலும் மனிதரைக் கொன்ற நிபா வைரஸ், இந்தப் பழந்தின்னி வௌவால்களின் உடம்பில் அவற்றுக்கு நோய் காட்டாமல் தங்கியிருப்பது. விழுந்த பழத்தில் பல்லடையாளம் இருந்தால் எறிந்துவிடுங்கள், மற்றதைக் கழுவித் தோலுரித்துச் சாப்பிடுங்கள். அதற்காகக் கூட்டத்தைக் கலைப்பது வினையை விலைக்கு வாங்குவது. வெருண்டு சிதறினால் புதுப் புது மரங்களுக்குத்தான் போகும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு மருமகள் கொப்பியில் இரண்டு நிரல் கீறினாள். ஒன்றில் சாயல், மற்றதில் சொந்தம். வௌவாலையும் கௌதாரியையும் போட்டாள், தும்பியைப் போட்டாள், முதலையை யோசித்து யோசித்துப் போட்டாள். பிறகு பேனையை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மாமா, மன்னார்க் கடல்ல ஆவுளியா இருக்கெல்லோ. கடற்பசு எண்டும் சொல்லுறவை. அது மீனா, மாடா?"

"ரெண்டும் இல்லை பிள்ளை. வால் மீன்ர சாயல், பேர் மாட்டின்ர சாயல்."

"அப்ப சொந்தம்?"

"மடுக்காட்டில நிக்கிற யானை."

கொப்பியை மூடிவிட்டாள். அடுத்த நாள் வகுப்பில் ஆசிரியரிடம் இதைக் கேட்கப் போவதாகச் சொன்னாள்.